ஓடாத வண்டிக்கும் வயதாகிறது: டைமிங் பெல்ட் மாற்றும் செலவும் அதில் அடங்கும் வேலையும்

கோட்டையூரில் எங்கள் அம்மான் வீட்டு முகப்பை ஒட்டிய கொட்டகையில் ஒரு டீசல் கார் நிற்கும். 2013-ல் சென்னையில் புதிதாக வாங்கியது. அம்மானும் அயித்தையும் வருடத்தில் பாதிக்கு மேல் கோலாலம்பூரில் மகன் வீட்டில் இருப்பார்கள். ஊரில் கல்யாணம், படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் கார் தெருவைப் பார்க்கும். பதினோரு வருடத்தில் அது ஓடியது 46,000 கிலோமீட்டர். சீட்டில் பிளாஸ்டிக் உறை கூட முழுதாகக் கிழியவில்லை. "வண்டி புதுசு மாதிரி இருக்கு" என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன்.

2024 தை மாதம், திருச்சி விமான நிலையத்திலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது திருமயத்துக்கு முன்னாலேயே கார் நின்றுவிட்டது. முன்னால் ஒரு சத்தம், அவ்வளவுதான். டிரைவர் இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்துப் பார்த்தார். பெட்டிகளை வேறு வண்டிக்கு மாற்றி, காரைக் கட்டி இழுத்து காரைக்குடிக்குக் கொண்டுவந்தோம். பட்டறையில் எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. டைமிங் பெல்ட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பற்களே இல்லை. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கினால் எட்டு வால்வில் ஆறு வளைந்திருந்தன. எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய். அதே பெல்ட்டை நேரத்தோடு மாற்றியிருந்தால் 15,000 ரூபாய்ப் பக்கம் முடிந்திருக்கும்.

இதில் என்னை அதிகம் உறுத்தியது டாஷ்போர்டு அறையில் கிடந்த ஒரு பழைய பில். இரண்டு வருடத்துக்கு முந்தையது. அதில் "பெல்ட் மாற்றியது" என்று எழுதியிருந்தது. அம்மான் அதை நம்பித்தான் நிம்மதியாக இருந்திருக்கிறார். ஆனால் அன்று மாற்றியது ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் சுற்றும் வெளிப் பெல்ட். உள்ளே இருந்த டைமிங் பெல்ட் தொழிற்சாலையில் மாட்டியதேதான்.

சரி, அந்தப் பெல்ட் என்ன செய்கிறது? எஞ்சினின் அடியில் பிஸ்டன்கள் ஏறி இறங்கி கிராங்க் ஷாஃப்டைச் சுற்றுகின்றன. மேலே ஹெட்டில் கேம் ஷாஃப்ட் சுற்றி, காற்று உள்ளே வரவும் புகை வெளியேறவும் வழிவிடும் வால்வுகளைத் திறக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும், ஒரு பல் கூட முன்னே பின்னே இருக்கக் கூடாது. இந்தக் கணக்கைக் காப்பது பல் வைத்த அந்த ரப்பர் பட்டைதான். சாலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால், கிராங்க் வினாடிக்கு 40 முறை சுற்றுகிறது, ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 20 முறை திறந்து மூடுகிறது.

திறந்த வால்வு இறங்கி நிற்கும் இடமும், பிஸ்டன் ஏறி வந்து தொடும் இடமும் பெரும்பாலான எஞ்சின்களில் ஒன்றுதான். வால்வு போன பிறகு பிஸ்டன் வரும், பிஸ்டன் இறங்கிய பிறகு வால்வு வரும். பெல்ட் அறுந்த நொடியில் கேம் அப்படியே நின்றுவிடும், சில வால்வுகள் திறந்தபடி நிற்கும். கார் கியரில் ஓடிக்கொண்டிருப்பதால் கிராங்க் நிற்காது. பிஸ்டன் ஏறிவந்து வால்வை இடித்து வளைக்கிறது. சில பெட்ரோல் எஞ்சின்களில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள், அவற்றில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு சரி. டீசலில் காற்றை மிகச் சிறிய இடத்துக்குள் அழுத்த வேண்டியிருப்பதால் அந்த இடைவெளிக்கு வழியே இல்லை என்று சொல்லலாம். ஓடும்போது எஞ்சின் திடீரென்று நின்று, மறுபடி செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால், அதோடு விட்டுவிடுங்கள். இன்னொரு முறை அடிப்பது இன்னும் இரண்டு வால்வை வளைப்பதற்கு.

இப்படிப்பட்ட இடத்தில் ஏன் ரப்பரை வைத்தார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சினிலும் பிரீமியர் பத்மினியிலும் இருந்தது செயின். 1962-ல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 மாடலில் பல் பெல்ட்டைக் கொண்டுவந்தது. சத்தம் குறைவு, எடை குறைவு, எண்ணெய் வேண்டாம், விலையும் மலிவு என்பதால் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இன்றைய பெல்ட் வெறும் ரப்பரும் இல்லை. உள்ளே கண்ணாடி இழைக் கயிறு ஓடுகிறது, அதுதான் இழுவையைத் தாங்குகிறது. அதன்மேல் சூடு தாங்கும் நைட்ரைல் ரப்பர், பற்களின் மேல் நைலான் துணி. எண்ணெய் கசிந்து பட்டால் ரப்பர் ஊதிக்கொள்ளும். கையில் மடக்கித் திருகினால் உள்ளிருக்கும் கண்ணாடி இழை நொறுங்கும், வெளியே எதுவும் தெரியாது. புதுப் பெல்ட்டைச் சுருட்டிப் பையில் திணித்துக் கொண்டுவரும் பையனைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

கிலோமீட்டரா, வருடமா

வண்டியோடு வரும் கையேட்டில் பெல்ட்டுக்கு இரண்டு கெடு போட்டிருப்பார்கள்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அது. நம்மில் பெரும்பாலோர் முதல் பாதியை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்கிறோம். அம்மானின் கார் ஓடிய வேகத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டரை எட்ட இன்னும் பன்னிரண்டு வருடமாவது ஆகியிருக்கும். ரப்பர் அதுவரை காத்திருக்காது. நிற்கும்போதும் அது இறுகுகிறது, வெடிக்கிறது. மதிய வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் காரின் எஞ்சின் அறையில் கை வைத்துப் பாருங்கள்.

செட்டிநாட்டில் இது தனி வீட்டுப் பிரச்சினை இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் என்று எந்த ஊரிலும் பூட்டிய வீடும் பக்கத்தில் உறை போட்ட காரும் உண்டு. ஊருக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு காவலுக்கு இருப்பவருக்கு ஃபோன் போகும். அவர் பேட்டரியைப் பார்ப்பார், டயருக்குக் காற்று அடிப்பார், எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பானட்டைத் திறந்து பார்ப்பார். டைமிங் பெல்ட் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை, மேலோட்டமாகப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. பழைய செயின் தளர்ந்தால் கடகடவென்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். பெல்ட் பெரும்பாலும் எதுவும் சொல்லாது.

இப்படி நின்று நின்று ஓடும் வண்டிக்கு, கையேடு அதைவிடக் குறைவாகச் சொல்லாத வரையில், ஆறு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய வண்டியை வாங்கினால், எழுத்தில் ஆதாரம் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வாடகை வண்டிகளின் கதை வேறு. பிள்ளையார்பட்டி, ராமேஸ்வரம், கார்த்திகை பிறந்தால் சபரிமலை என்று ஓடும் இன்னோவாவுக்கு வருடக் கெடு வருவதற்குள் கிலோமீட்டர் கெடு வந்துவிடும். அதிலும் ஒரு மறைவான கணக்கு இருக்கிறது. கானாடுகாத்தானில் பெரிய வீடுகளையும் ஆத்தங்குடியில் டைல் போடுவதையும் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டு வரும்வரை ஏசியை ஓடவிட்டு வண்டி நிற்கும். மீட்டரில் ஒரு கிலோமீட்டரும் ஏறாது, பெல்ட் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி ஓடும் வண்டிக்குக் கெடுவின் கடைசி நாள்வரை போகாமல் பத்து இருபதாயிரம் கிலோமீட்டர் முன்பே மாற்றுவது நல்லது. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் விட்டால் ஓட்டமும் கெடாது.

பழைய இன்னோவா டீசலில் டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு உண்டு. குறிப்பிட்ட கிலோமீட்டர் ஆனதும் எரியும். அது பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை, மீட்டரை எண்ணி எரிகிறது. பெல்ட்டைத் தொடாமலேயே மீட்டர் பட்டனை வைத்து அதை அணைத்துவிட முடியும். கைமாறி வந்த இன்னோவாவில் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா செயினா என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்ட்டோ, பழைய ஜென், சான்ட்ரோ ஜிங், 1.1 லிட்டர் ஐ10, பழைய இண்டிகா டீசல், கிரிஸ்டாவுக்கு முந்தைய இன்னோவா டீசல், டஸ்டரின் 1.5 டீசல், ஃபிகோவிலும் ஈகோஸ்போர்ட்டிலும் வந்த டீசல், போலோ, வென்டோ, ரேபிட் மூன்றிலும் வந்த டீசல் எல்லாம் பெல்ட். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் புதிய 1.0 டிஎஸ்ஐ பெட்ரோலும் பெல்ட்தான். ஸ்விஃப்ட், டிசையரில் வந்த 1.3 டீசல், மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல், இன்னோவா கிரிஸ்டா டீசல் இவை செயின். செயின் வண்டிக்குக் கெடு வைத்து மாற்றும் வேலை கிடையாது. எண்ணெயை நேரத்துக்கு மாற்றி, சத்தம் வந்தால் கவனித்தால் போதும். "டைமிங் மாத்தணும்" என்று யாராவது எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

மூடியைத் திறந்த பிறகு

பழைய வீட்டில் ஓடு பிரித்து மேய்பவர்களுக்குத் தெரியும்: கூலியில் பெரும்பகுதி ஏறி இறக்குவதற்கும் பிரிப்பதற்கும்தான் போகும். பிரித்த கையோடு அடியில் உள்ள ரீப்பர் கட்டையையும் சட்டத்தையும் பார்த்துவிடுவார்கள். உளுத்த கட்டையை அப்படியே விட்டு மேலே புது ஓடு போட மாட்டார்கள். டைமிங் பெல்ட் வேலை அப்படியே இதுதான். பெல்ட் மட்டும் என்றால் சிறிய வண்டிக்குச் சில நூறு ரூபாய், பெரிய வண்டிக்குச் சில ஆயிரம். அதை எட்ட முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும், வெளிப் பெல்ட்டையும் கிராங்க் புல்லியையும் எடுக்க வேண்டும், எஞ்சினுக்கு ஜாக் கொடுத்து ஒரு பக்க மவுண்டிங்கை இறக்க வேண்டும். முன்சக்கர இழுவைக் காரில் இது சாதாரணமாக மூன்று முதல் ஐந்து மணி நேர வேலை. இந்த உழைப்புக்குத்தான் பெரிய தொகை போகிறது. அதே இடத்தை ஆறு மாதத்தில் மறுபடி திறந்தால் அதே தொகையை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

அதனால் பெல்ட்டோடு சேர்ந்து மாற வேண்டியவை உண்டு. முதலாவது டென்ஷனரும் ஐட்லரும். பெல்ட்டை இழுத்துப் பிடித்தும் வழிகாட்டியும் வைத்திருக்கும் உருளைகள் இவை. இரண்டுக்கும் உள்ளே பேரிங் இருக்கிறது, உள்ளிருக்கும் கிரீஸ் காயும். பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் அறும். பெல்ட்டை மட்டும் மாற்றி இவற்றைப் பழசாகவே விடுவதை நான் மிச்சம் பிடிப்பதாகவே நினைக்கவில்லை.

அப்புறம் வாட்டர் பம்பு. பல எஞ்சின்களில் இதையும் டைமிங் பெல்ட்தான் சுற்றுகிறது. பம்பு கசிந்தால், எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் பெல்ட் மேல் வழியும், பம்பு சிக்கினால் பெல்ட் அறுந்துவிடும். அப்படிப்பட்ட எஞ்சினில் பம்பையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. பழைய இன்னோவா டீசலில் பம்பு இந்தப் பெல்ட்டில் ஓடுவதில்லை. அதனால் கசிவு இல்லாவிட்டால் அதைத் தொட வேண்டாம், அந்த வண்டிக்கு இந்த வேலை மலிவாக முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் எஞ்சின் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் தேவையில்லாத பம்புக்கும் காசு போகாது, தேவையான பம்பும் விடுபடாது.

கேம், கிராங்க் முன்பக்க ஆயில் சீல்கள் விலை குறைந்தவை. ஈரம் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றச் சொல்லுங்கள். பம்பு மாற்றினால் கூலண்டும் புதிது. வெளிப் பெல்ட் வெடித்திருந்தால் அதுவும். சில எஞ்சின்களில் வெளிப் பெல்ட் பிய்ந்து நார் நாராகி, கிராங்க் புல்லி வழியாக உள்ளே நுழைந்து டைமிங்கையே தள்ளிவிடும். கிராங்க் புல்லி போல்ட் ஒரு முறைக்கு மட்டும் என்று கம்பெனி சொல்லும் வண்டிகளும் உண்டு, அவற்றுக்குப் புது போல்ட் போட வேண்டும்.

வேலையின் தரத்தைப் பார்க்க நாம் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. கவனிக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்கையும் கேமையும் அதன் மார்க்கில் நிறுத்தி, அந்த எஞ்சினுக்கு உரிய பூட்டு ஊசி போட்டு அசையாமல் பிடித்துவைக்கிறார்களா. புது டீசல்களில் கண் அளவில் சாக்பீஸ் கோடு போட்டு வேலை செய்வது ஆபத்து. இரண்டு, புதுப் பெல்ட் மாட்டியதும் செல்ஃப் அடிக்காமல், கையால் ஸ்பேனர் போட்டு கிராங்கை முழுதாக இரண்டு சுற்று சுற்றி மார்க்கை மறுபடி பார்க்கிறார்களா. எங்காவது இடித்தால் கையால் சுற்றும்போதே தெரிந்துவிடும், ஒன்றும் கெட்டுப்போகாது. அதே தவறு செல்ஃப் அடித்த பிறகு தெரிந்தால் ஹெட் இறங்கும். காரைக்குடியில் எங்களுக்கு வேலை செய்யும் அண்ணன் இந்த இரண்டு சுற்றை என்னை வைத்தே சுற்றச் சொன்னார். கையில் எந்த முட்டலும் இல்லாமல் கிராங்க் சுற்றி வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எவ்வளவு ஆகும்

நான் விசாரித்தும் கொடுத்தும் பார்த்த வரையில் சுமாரான தொகைகள் இவை, ஊருக்கும் பட்டறைக்கும் தகுந்து மாறும். மாருதி 800, ஆம்னி வகை வண்டிக்கு வெளிப் பட்டறையில் பெல்ட், டென்ஷனர், கூலி சேர்த்து 2,500 முதல் 4,000 ரூபாய். சான்ட்ரோ, பழைய ஐ10 போன்றவற்றுக்கு 4,000 முதல் 7,000. பழைய இன்னோவா டீசலுக்கு 6,000 முதல் 10,000. டஸ்டர், ஈகோஸ்போர்ட் வகை 1.5 டீசலுக்கு வாட்டர் பம்போடு 12,000 முதல் 20,000. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா டீசல் என்றால் 20,000-க்கு மேல்தான், 30,000 தாண்டினாலும் ஆச்சரியமில்லை. ஐரோப்பிய வண்டி வைத்திருக்கும் தெரிந்தவர்கள் பலர் இதற்காகத் திருச்சிக்கோ மதுரைக்கோ ஓட்டிப்போகிறார்கள். போகவர 180 கிலோமீட்டர் டீசலும் ஒரு நாள் பொழுதும் அந்தக் கணக்கில் சேரும்.

எஸ்டிமேட் வாங்கும்போது வரியோடா வரி இல்லாமலா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்கள் எல்லாம் 18 சதவீத ஜிஎஸ்டிக்குள் வந்துவிட்டன, கூலிக்கும் 18 சதவீதம்தான். பொருள் 9,000, கூலி 4,000 என்று ஃபோனில் சொன்னால் 13,000 என்று மனதில் வைத்துக்கொள்வோம், கையில் வரும் பில் 15,340 ஆக இருக்கும்.

கம்பெனி சர்வீஸா வெளிப் பட்டறையா என்ற கேள்விக்கு என் பதில் வண்டியைப் பொறுத்தது. பழைய மாருதி, இன்னோவாவை நம் ஊர்ப் பட்டறைகளில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்கள். பூட்டு ஊசி, போல்ட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்ச் தேவைப்படும் எஞ்சின் என்றால், அந்தக் கருவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள், இல்லாவிட்டால் கம்பெனிக்கே போங்கள். பொருளில் மட்டும் மலிவு தேட வேண்டாம். அட்டைப் பெட்டி ஒரிஜினல் மாதிரியே வரும் போலிப் பெல்ட்கள் சந்தையில் உண்டு. கார் கம்பெனியின் பொருளோ, கார் கம்பெனிகளுக்கே பெல்ட் செய்து கொடுக்கும் கேட்ஸ், காண்டினென்டல், டேகோ போன்றவற்றின் முழு கிட்டோ, பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள். கிட்டாக வாங்கினால் டென்ஷனரும் ஐட்லரும் கூடவே வந்துவிடும், தனித்தனியாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் குறைவாகவும் இருக்கும்.

மாற்றாமல் விட்டதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்டை இறக்கி ஏற்றும் கூலி, வால்வுகள், சில சமயம் கைடுகள், ஹெட் கேஸ்கட், புது ஹெட் போல்ட், லேத் வேலை, அதற்கு மேல் மாற்றாமல் விட்ட அதே பெல்ட் கிட். சிறிய பெட்ரோல் வண்டியில் 25,000-க்குள் தப்பலாம். டீசலில் 40,000-ல் ஆரம்பித்து ஒரு லட்சத்தைத் தாண்டுவது உண்டு. பிஸ்டன் உடைந்துவிட்டால் எஞ்சினை முழுதாகப் பிரிப்பதா, வேறு எஞ்சின் தேடுவதா என்ற பேச்சு வந்துவிடும். பத்து வருடம் ஆன கார் என்றால் அதன் விற்பனை விலையில் பாதி அதிலேயே போகும்.

வேலை முடிந்ததும் பழைய பெல்ட்டையும் டென்ஷனரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் "பெல்ட்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்பு" என்று ஒவ்வொன்றாக, பாகத்தின் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். கல்யாணச் சீரில் எத்தனை வெண்கலப் பானை, எத்தனை எவர்சில்வர் வாளி என்று ஒன்று விடாமல் எழுதி வைத்த ஊர் இது. காருக்கு மட்டும் ஏன் ஒற்றைச் சொல்லில் விடுகிறோம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. பானட்டுக்குள் தெரியும் இடத்தில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினால், வீட்டுக்காரர் ஊரில் இல்லாவிட்டாலும் அடுத்து வண்டியைத் தொடுகிறவருக்குத் தெரியும்.

அம்மானின் காரில் அப்படி ஒன்று ஒட்டியிருக்கிறோம்: "டைமிங் பெல்ட், 2024 தை, 46,000 கி.மீ. அடுத்தது 2030 தை." காவலுக்கு இருக்கும் அண்ணனின் ஃபோனிலும் அதைப் படமெடுத்து வைத்திருக்கிறோம். போன மாதம் அவர் என்னைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக் கொட்டகையில் நிற்கும் சான்ட்ரோவை எந்த வருடம் வாங்கினார்கள் என்று தெரியுமா எனக் கேட்டார். 2010. நான் சிங்கப்பூருக்கு அவர்களை அழைத்துச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வண்டி பட்டறைக்குப் போகிறது.